ஒரு சுரங்கத்தொழில் இதழின் நீண்ட ஆயுள்: அதில் எதை நம்பலாம், எதைத் தட்டிப் பார்க்க வேண்டும்?

அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவர், திருக்கோவில் கடற்கரையின் கனிய மணல் பற்றி ஒப்படை எழுதிக்கொண்டிருப்பதாகவும், பழைய அறிக்கைகளின் அடிக்குறிப்புகளில் ‘எஞ்சினியரிங் அண்ட் மைனிங் ஜேர்னல்’ என்ற அமெரிக்க இதழின் பெயர் திரும்பத் திரும்ப வருவதாகவும் எழுதி, மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறார். அந்த இதழின் வரலாறு என்ன, ஒரு தொழில்துறை இதழ் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது, அதில் அச்சானதை ஒப்படையில் ஆதாரமாகக் காட்டலாமா என்பவையே அவை. மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒன்றாகச் சொல்வதே பொருத்தம். ஏனெனில், அந்த இதழ் எதை விற்றுப் பிழைத்தது என்று விளங்கிவிட்டால், அதில் எதை நம்பலாம் என்பதும் தானாக விளங்கிவிடும். என் கருத்தில் அது விற்றது கட்டுரைகளை அல்ல; வாங்குபவரும் விற்பவரும் ஒருசேர ஏற்றுக்கொண்ட ஒரு விலைப்பட்டியலையும், பங்கு விற்க வந்தவனின் பேச்சை எடைபோடத் தெரிந்த ஆசிரியர்களின் பெயரையும்தான்.

இவ்வகை இதழ்களுக்கு முன்னோடி இலண்டனில் வெளிவந்தது. ஹென்றி இங்கிலிஷ் என்பவர் 1835 இல் தொடங்கிய ‘மைனிங் ஜேர்னல்’ பெரும்பாலும் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கோர்ன்வோலின் செப்பு, வெள்ளீயச் சுரங்கங்களைச் சுற்றியே இயங்கியது. அங்கே சுரங்க வேலையை மேற்பார்வை செய்தவர்களைக் கப்டன் என்று அழைப்பது வழக்கம். இத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் தாது நாளம் இவ்வளவு அகலமாக இருக்கிறது, இந்தக் கிழமை இவ்வளவு தாது மேலே வந்தது என்று அவர்கள் பங்காளிகளுக்கு எழுதிய அறிக்கைகள் வாராவாரம் அந்த இதழில் அச்சாயின. சுரங்கத்தைக் கண்ணால் காணாத பங்காளி ஒருவர் இலண்டனில் இருந்தபடியே தன் பணத்தின் கதியைப் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் இருக்கவில்லை. ஆனால் அறிக்கையை எழுதியவர் அதே சுரங்கத்தில் சம்பளம் வாங்குபவர் என்பதையும் மறக்கக் கூடாது. தொழில்துறை இதழ்களின் பலமும் பலவீனமும் இந்த ஓர் ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கின்றன. பின்னர் வந்த எந்த இதழும் இதிலிருந்து முழுமையாக விடுபடவில்லை.

நீங்கள் கேட்கும் இதழ் 1866 இல் நியூ யோர்க்கில் ‘அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் மைனிங்’ என்ற பெயரில் வார இதழாகத் தொடங்கியது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1866 மே மாதத்தில் இலண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரும் நிதி நிறுவனம் முறிந்தது. செப்பு விலையும் விழுந்தது. கோர்ன்வோலின் செப்புச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் அமெரிக்காவுக்கும் தென் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். சுரங்கத் தொழிலின் எடை அத்திலாந்திக் கடலைத் தாண்டி மேற்கே நகர்ந்துகொண்டிருந்த வேளையில்தான் நியூ யோர்க்கில் இந்த இதழின் முதல் தாள் அச்சானது.

அமெரிக்காவிலும் அதற்கான தேவை கண்கூடாக இருந்தது. 1859 இல் நெவாடாவின் கொம்ஸ்டொக் வெள்ளிப் படிவு வெளிப்பட்டது. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 இலும் 1864 இலும், கொலராடோவின் கில்பின் பகுதித் தங்கச் சுரங்கங்களின் பங்குகளை நியூ யோர்க் மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். 1864 இன் வசந்த காலத்தில் அந்தப் பங்குகள் சரிந்தன. சரிவுக்கு மோசடி மட்டும் காரணமல்ல, அறியாமையும் காரணம். நிலத்தின் மேற்பகுதியில், காற்றும் நீரும் பட்டுச் சிதைந்த பாறையில் தங்கம் தனித்துக் கிடந்தது. பாறையை இடித்துப் பாதரசத்தோடு சேர்த்தால் அது கைக்கு வந்துவிடும். ஆழம் போனதும் கந்தகச் சேர்மங்களோடு பிணைந்த தாது வந்தது. அதே ஆலையில் அதே முறையில் அதையும் இடித்தபோது தங்கத்தின் பெரும்பகுதி கழிவோடு ஓடிப்போயிற்று. இரசாயனப் பேராசிரியராக இருந்த நதானியல் ஹில் 1868 இல் பிளாக் ஹோக் என்ற இடத்தில் உருக்காலை ஒன்றைத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தாதுவுக்கு ஒரு வழி பிறந்தது. பங்கு வாங்கிய நியூ யோர்க் வணிகருக்கோ கந்தகத் தாது என்றால் என்னவென்றே தெரியாது. மலையில் இருந்த சுரங்க மேலாளருக்கோ ஐரோப்பிய உருக்காலைகளில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளுக்கும் நடுவில்தான் அந்த இதழ் தனக்கென்று ஓர் இடம் பிடித்தது.

அந்த இடத்தைப் பிடித்துக்கொடுத்தவர் ரோசிட்டர் ரேமண்ட். 1840 இல் பிறந்தவர். ஜேர்மனியின் பிரைபேர்க் சுரங்கக் கல்லூரியில் படித்தவர். உள்நாட்டுப் போரில் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். 1867 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். அதே காலத்தில், 1868 முதல் 1876 வரை, சுரங்கப் புள்ளிவிபரங்களுக்கான அமெரிக்க அரசின் ஆணையாளராகவும் இருந்து, மேற்கு மாநிலங்களின் சுரங்கங்களைப் பற்றி ஆண்டறிக்கைகளை வெளியிட்டார். ஒரே ஆள் அரச ஆணையாளராகவும் தொழில்துறை இதழின் ஆசிரியராகவும் இருப்பதை இன்று யாரும் ஒப்பமாட்டார்கள். அன்றோ அதுவே இதழின் மதிப்பை உயர்த்தியது. நேரில் சென்று பார்த்தவரின் கணக்கு என்று வாசகர் நம்பினார். ரேமண்ட் பின்னர் சுரங்கச் சட்ட வழக்குகளில் பெயர்பெற்ற நிபுணராகவும் விளங்கினார், 1881 இல் சுரங்கத் தொழிற்சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். சிறுவர்களுக்குக் கதை சொல்லும் ஞாயிறு பாடசாலை ஆசிரியராகவும் புரூக்ளினில் அவரைப் பலர் அறிந்திருந்தார்கள். அவருடைய தலையங்கங்களில் தெரியும் கண்டிப்பும் நகைச்சுவையும் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

1869 இல் இதழின் பெயர் ‘எஞ்சினியரிங் அண்ட் மைனிங் ஜேர்னல்’ என்று மாறியது. ரேமண்டுடன் இணைந்து பணியாற்றி, அவருக்குப் பின் பொறுப்பை முழுமையாக ஏற்றவர் றிச்சர்ட் ரொத்வெல். இவர்தான், எக்லி கொக்ஸ், மார்ட்டின் கொரியெல் ஆகியோருடன் சேர்ந்து, 1871 இல் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் சுரங்கப் பொறியியலாளர்களைக் கூட்டியவர். அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் நிறுவகம் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. அதன் முதல் தலைவர் டேவிட் தோமஸ்; அடுத்த தலைவர் நமது ரேமண்ட். இதழும் சங்கமும் ஒரே ஆட்களின் கையில் இருந்ததால், ஒரு பொறியியலாளர் தன் சுரங்கத்தில் கண்டதை மற்றவர்களுக்குச் சொல்வது தொழில் மரியாதையாக மாறியது. கம்பனி இரகசியம் என்று மூடிவைப்பதே வழக்கமாக இருந்த ஒரு தொழிலில் இது சிறிய மாற்றமல்ல. ரொத்வெல் 1890களின் தொடக்கத்தில் ‘த மினரல் இன்டஸ்ட்ரி’ என்ற ஆண்டுத் தொகுதியையும் ஆரம்பித்தார். உலகின் எந்த நாட்டில் எந்தக் கனியம் எவ்வளவு எடுக்கப்பட்டது, என்ன விலைக்குப் போனது என்று அரசுகளுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம். 1901 இல் அவர் இறக்கும்வரை அந்தத் தொகுதி அவர் கையிலேயே இருந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

இனி விலைப்பட்டியலுக்கு வருவோம், ஏனெனில் கதையின் சாரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சிறு சுரங்கக்காரர் தன் ஈயத் தாதுவை உருக்காலைக்கு விற்கிறார் என்று வையுங்கள். தாதுவில் எத்தனை வீதம் ஈயம், எவ்வளவு வெள்ளி என்பதைச் செறிவுச் சோதனை சொல்லிவிடும். உருக்குவதில் இழப்பாகும் பங்கைக் கழிப்பார்கள். உருக்குக் கூலியைக் கழிப்பார்கள். எஞ்சிய உலோகத்துக்கு விலை போட வேண்டும். எந்த விலை? உருக்காலை சொல்வதை விற்பவர் நம்பமாட்டார். விற்பவர் சொல்வதை உருக்காலை ஏற்காது. எனவே ஒப்பந்தத்திலேயே, தாது கையளிக்கப்படும் கிழமையில் அல்லது மாதத்தில் ‘எஞ்சினியரிங் அண்ட் மைனிங் ஜேர்னல்’ அச்சிடும் சராசரி விலையே கணக்கு என்று எழுதிவிடுவார்கள். செப்பு, நியூ யோர்க்கிலும் சென்ட் லூயிஸிலும் ஈயம், சென்ட் லூயிஸில் நாகம் (துத்தநாகம்), வெள்ளி, வெள்ளீயம் என்று நாளாந்த விலைகள் இதழில் நிரலாக வந்தன. இதழின் ஆட்கள் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் தரகர்களையும் விசாரித்து, உண்மையில் நடந்த விற்பனைகளிலிருந்து அந்த எண்களைத் திரட்டினார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அந்த இதழை நிறுத்துவது எவருக்கும் இலாபமல்ல. அதைப் படிக்காதவருடைய பணமும் அதன் ஒரு பக்கத்தில்தான் தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

மட்டக்களப்பில் வீடு கட்டுகிற எவருக்கும் இதன் அருமை விளங்கும். ஆற்று மண் ஒரு கியூப் இன்று என்ன விலை என்று கேட்டால் ரிப்பர்காரர் ஒன்று சொல்வார், மேசன் ஒன்று சொல்வார், பர்மிட் வைத்திருப்பவர் இன்னொன்று சொல்வார். எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் எண் எங்கும் அச்சாவதில்லை. அமெரிக்க உலோகச் சந்தைக்கு அந்த எண்ணை ஒரு பத்திரிகை கொடுத்தது, அதுவும் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்து கொடுத்தது.

விலையை அச்சிடுவது சாதாரணப் பொறுப்பல்ல. 1887 இல் பிரான்சில் செக்ரெத்தான் என்பவரின் தலைமையில் ஒரு கூட்டு, உலகச் செப்பு முழுவதையும் வாங்கிக் குவித்து விலையை ஏற்ற முயன்றது. இலண்டனில் தொன் ஒன்று 40 பவுண் அளவில் இருந்த செப்பு அதற்கு இரு மடங்காயிற்று. விலை ஏறியதும் சுரங்கங்கள் உற்பத்தியைப் பெருக்கின, பழைய செப்புப் பாத்திரங்களும் உடைசல்களும்கூட உருக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. 1889 இன் தொடக்கத்தில் கூட்டு முறிந்தது, அதற்குக் கடன் கொடுத்த பாரிஸ் வங்கியும் அதோடு சாய்ந்தது. அந்த மாதங்களில் கூட்டு அறிவித்த விலை ஒன்று, உண்மையில் கைமாறிய விலை இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பத்திரிகைக்கே அடுத்த தலைமுறையின் ஒப்பந்தங்களில் இடம் கிடைக்கும்.

ரொத்வெலுக்குப் பின் வந்த ஆசிரியர்களுள் 1903 முதல் 1905 வரை இருந்த தோமஸ் ஆதர் றிக்கார்ட் மறக்க முடியாதவர். கோர்ன்வோல் சுரங்கக் குடும்பம் ஒன்றில் வந்தவர். கொலராடோவின் மாநிலப் புவியியலாளராக இருந்தவர். பொறியியலாளர்கள் தெளிவாக எழுதத் தெரியாததால் தொழிலுக்கு நட்டம் ஏற்படுகிறது என்று ஓயாமல் வாதாடியவர். தொழில்நுட்பக் கட்டுரை எழுதுவது எப்படி என்று 1908 இல் ஒரு கைந்நூலும் வெளியிட்டார். நியூ யோர்க்கை விட்டு நீங்கிய பின் சன் பிரான்சிஸ்கோவில் 1860 முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘மைனிங் அண்ட் சயன்டிபிக் பிரஸ்’ இதழுக்கு ஆசிரியரானார். அது ஒரு காப்புரிமை முகவர் நிறுவனத்தின் கையில் வளர்ந்த இதழ், ஆகவே புதிய பொறிகளின் வரைபடங்களுக்கு அதில் தொடக்கம் முதலே பஞ்சமில்லை. பின்னர் இலண்டன் சென்று, 1909 இல் ‘மைனிங் மகசின்’ என்ற மாத இதழைத் தொடங்கினார்.

அந்த இலண்டன் இதழுக்குப் பின்னால் நின்றவர்களுள் அன்று சுரங்கப் பொறியியலாளராகப் பெரும் பெயர் எடுத்திருந்த ஹேர்பேர்ட் ஹூவரும் ஒருவர். 1929 இல் அமெரிக்க ஜனாதிபதியானாரே, அவரேதான். அவரும் மனைவி லூ ஹென்றியும், ஜேர்மன் மருத்துவரான அக்ரிக்கோலா இலத்தீனில் எழுதி 1556 இல் பாசல் நகரில் வெளிவந்த சுரங்கத் தொழில் பெருநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1912 இல் அந்த மொழிபெயர்ப்பு, பழைய மரச்செதுக்குப் படங்கள் அனைத்தோடும், ‘மைனிங் மகசின்’ அலுவலகத்தின் வெளியீடாகவே வந்தது. தாதுச் சந்தை விலையும் பம்பு விளம்பரமும் அச்சிட்ட ஓர் அலுவலகம் பதினாறாம் நூற்றாண்டு நூல் ஒன்றை அவ்வளவு அழகாக அச்சிட்டது என்பதை எண்ணும்போது, இந்தத் தொழில் தன் வரலாற்றின்மீது கொண்டிருந்த பெருமிதம் தெரிகிறது. இன்றைய வர்த்தக இதழ் எதிலும் அப்படி ஒரு காரியத்தை எதிர்பார்க்க முடியாது.

1905 இற்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் இந்த இதழ்கள் செய்த மிகப் பெரிய வேலை நுரை மிதப்பு முறையைப் பற்றியது. தாதுவை மாவாக அரைத்து, நீரில் கலந்து, சிறிதளவு எண்ணெய் சேர்த்துக் காற்றை ஊதினால், உலோகச் சேர்மத் துகள்கள் நுரையில் ஒட்டி மேலெழும். வெறும் கல் அடியில் தங்கும். அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் கழிவாகக் குவிந்து கிடந்த நாகத் தாதுவை மீட்பதற்காக இந்த முறை வளர்ந்தது. காப்புரிமை வைத்திருந்த கம்பனி வழக்குமேல் வழக்குப் போட்டது. முறையைப் பயன்படுத்தியவர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள். 1915 முதல் மீண்டும் சன் பிரான்சிஸ்கோ இதழுக்குத் திரும்பியிருந்த றிக்கார்ட், தன் இதழில் வந்த கட்டுரைகளையும் கடிதங்களையும் தொகுத்து அடுத்த ஆண்டே நூலாகப் போட்டார். ஆலையில் வேலை செய்தவர் ஒருவர் தன் அனுபவத்தை எழுத, ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொருவர் அதை மறுத்து எழுத, கடிதப் பகுதியிலேயே ஒரு விஞ்ஞானம் திரண்டது. நீதிமன்றத்தில் மூடப்பட்ட கதவு பத்திரிகையின் பக்கங்களில் திறந்திருந்தது. ஒரு தொழில்துறை இதழ் செய்யக்கூடிய உயர்ந்த சேவை எது என்று என்னைக் கேட்டால் இதையே காட்டுவேன்.

நியூ யோர்க் இதழ் இதற்கிடையில் ஜோன் ஹில் என்பவரின் கைக்கு வந்திருந்தது. புகைவண்டி ஓட்டுநராக வாழ்க்கையைத் தொடங்கி, எழுத்தாளராகி, பிறகு பல தொழில்துறை இதழ்களின் அதிபரானவர் அவர். அவரும் ஜேம்ஸ் மக்கிரோவும் 1909 இல் தங்கள் நூல் வெளியீட்டுப் பிரிவுகளை இணைத்தபோது, யார் பெயர் முன்னால் வருவது என்பதை நாணயம் சுண்டித் தீர்த்தார்கள் என்று சொல்வார்கள். மக்கிரோவின் பெயர் முன்னால் வந்தது, ஹில் தலைவரானார். ஹில் 1916 இல் இறந்தார். அடுத்த ஆண்டு இரு நிறுவனங்களின் இதழ்களும் ஒன்றாகி மக்கிரோ-ஹில் பிறந்தது. 1922 இல் சன் பிரான்சிஸ்கோவின் பழைய போட்டி இதழையும் அது தன்னோடு இணைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் இரு பெயரும் சேர்ந்த நீண்ட தலைப்போடு வெளிவந்து, 1926 இல் பழைய பெயருக்கே திரும்பியது. நூலகப் பட்டியலில் 1922 முதல் 1926 வரையான தொகுதிகள் வேறு பெயரில் இருப்பதற்கு இதுதான் காரணம், காணாமற்போய்விட்டதென்று எண்ணிவிடாதீர்கள்.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வார இதழ் மாத இதழாயிற்று. விலைப்பட்டியல் தனி வெளியீடாகப் பிரிந்து, பின்னர் ‘மெட்டல்ஸ் வீக்’ என்ற பெயரில் விலை அறிவிப்பையே தொழிலாகக் கொண்ட வேறொரு பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதழின் உயிர்நாடி அங்கே இடம்மாறிவிட்டது என்பது என் எண்ணம். 1980களின் பிற்பகுதியில் மக்கிரோ-ஹில் அதை விட்டுவிட்டது. சில கைகள் மாறி, மைனிங் மீடியா இன்டர்நஷனல் என்ற நிறுவனத்திடம் வந்தது. 2016 இல் நூற்றைம்பது ஆண்டு நிறைந்தது. இப்போது அதில் பெரும்பாலும் பாரிய சுரங்கங்களின் இயந்திரங்கள், ஆலை வடிவமைப்பு, புதிய திட்டங்கள் பற்றிய செய்திகளே வருகின்றன. பயனுள்ளவைதாம், ஆனால் ரேமண்டின் தலையங்கத்துக்கு ஒருவர் பயந்ததுபோல் இன்று எவரும் பயப்படுவதில்லை.

இலங்கையைப் பற்றி அதில் என்ன கிடைக்கும் என்றும் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். பழைய தொகுதிகளில் அதிகமாகக் கிடைப்பது பென்சிற்கரி, அதாவது கிராபைட். பித்தளையும் உருக்கும் காய்ச்சும் மூசைகளுக்கு இலங்கைப் பென்சிற்கரியே சிறந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் கருதப்பட்டது. அமெரிக்காவின் டிக்சன் கம்பனியும் இலண்டனின் மோர்கன் கம்பனியும் அதை வாங்கி மூசை செய்தன. முதலாம் உலகப் போரில் அதற்கான சந்தைக் கேள்வி உச்சத்துக்குப் போய், போர் முடிந்ததும் விழுந்தது. மடகஸ்காரின் மலிவான பென்சிற்கரியும் போட்டிக்கு வந்தது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொழும்பு ஆவணங்களைவிட நியூ யோர்க் விலை நிரல்களில் துல்லியமாகப் பின்தொடரலாம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமியின் காலமும் தேடத் தக்கது. பின்னாளில் கலை வரலாற்றாசிரியராக உலகம் கொண்டாடிய அவர், இளவயதில் புவியியலாளர். சப்ரகமுவப் பகுதியில் கிடைத்த தோரியனைற்று என்ற, தோரியம் நிறைந்த கனியம் 1904 இல் விஞ்ஞான உலகுக்குத் தெரியவந்ததற்கு அவருடைய தேடலே காரணம். எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே அது ஆய்வுகூடச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை, சந்தைச் செய்தியாகவும் இருந்தது.

உங்கள் தலைப்பான கனிய மணலுக்கு, அதிலும் அதற்குக் கருநிறம் தரும் தைத்தேனியக் கனியமான இல்மனைட்டுக்கு வந்தால், இலங்கையின் பெயர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே அதில் துலங்குகிறது. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு ஈயத்தை விட்டு தைத்தேனியம் ஒட்சைட்டுக்கு உலகம் மாறியபோதுதான் கருமணலுக்கு விலை வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் இல்மனைட், ரூத்தைல், சேர்க்கோன் ஆகிய கனியங்களைப் பிரித்தெடுக்க 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. புல்மோட்டையைப் பற்றிப் பேசும் வெளிநாட்டுக் குறிப்புகளைத் திருக்கோவிலுக்கும் வாகரைப் பக்கத்துக் கதிரவெளிக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். ஒரே கரையோரம்தான், ஆனால் மணலில் கனமான கனியங்களின் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடும், அந்தப் பங்குதான் விலையையும் தோண்டும் ஆழத்தையும் பரப்பையும் தீர்மானிக்கும்.

இப்போது நம்பிக்கைக் கேள்வி. விலை நிரல்களை, குறிப்பாக ஒப்பந்தங்களுக்குப் பயன்பட்ட காலத்து நிரல்களைத் தயக்கமின்றி மேற்கோள் காட்டலாம். தவறான எண்ணை அச்சிட்டால் மறுநாளே சண்டைக்கு வரக்கூடிய இரு தரப்பினர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பெயரோடு எழுதப்பட்ட ஆலைக் கட்டுரைகளையும், அவற்றை மறுத்து வந்த கடிதங்களையும் சேர்த்துப் படித்தால் அவையும் வலுவான ஆதாரமே. கட்டுரையை மட்டும் எடுத்துக் கடிதத்தை விட்டுவிடுவது பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதாகும். கம்பனி அனுப்பிய செய்தியைச் சுருக்கி அச்சிட்ட பத்திகள் வேறு வகை. அவை கம்பனி அப்படிச் சொன்னது என்பதற்கு மட்டுமே சான்று. 1997 இல் இந்தோனேசியாவின் புசாங் தங்கப் படிவு என்ற பெயரில் பிரே-எக்ஸ் என்ற கனடியக் கம்பனி நடத்திய ஏமாற்று வெளிவந்தபோது, மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் கம்பனி அறிவித்த தொகைகளைத் தொழில்துறைச் செய்தியாளர்களும் பொதுச் செய்தியாளர்களும் ஏறுமுகமாக அச்சிட்டுக்கொண்டே வந்தார்கள். அதன் பின் கனடாவில் 2001 இல் கடுமையான அறிக்கை விதிகள் வந்தன. அவுஸ்திரேலியாவில் 1989 இலேயே அதற்கான ஒழுங்குக் கோவை இருந்தது. ஒரு படிவைக் கனிய வளம் என்று அறிவிப்பதும், இலாபத்தோடு எடுக்கலாம் என்று நிறுவப்பட்ட இருப்பு என்று அறிவிப்பதும் இந்த விதிகளின்படி வெவ்வேறு. வளத்துக்குள்ளும் ஊகித்த வளம், சுட்டிய வளம், அளந்த வளம் என்ற படிகள் உண்டு. எமது கரையோரத்தைப் பற்றிய எந்த அறிவிப்பையும் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் எந்தப் படியில் நிற்கிறது என்பதையே.

இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. இந்த இதழ்கள் சுரங்கத்தைக் கம்பனியின் கண்ணால் பார்த்தவை. தொழிலாளர் வேலைநிறுத்தம் அவற்றில் பெரும்பாலும் உற்பத்திக்கு வந்த இடையூறாகவே பதிவாகியிருக்கிறது. ஆலைப் புகையால் வயல் கருகிய விவசாயி நட்டஈட்டு வழக்காகத்தான் தலைகாட்டுகிறார். சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள் தனிப் பொருளாக வருவது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான், அதுவும் அனுமதி கிடைப்பதில் ஏற்படும் தாமதம் என்ற தலைப்பின்கீழ். திருக்கோவிலில் கரைவலை இழுக்கும் இடம் எது, தோணி ஏற்றும் இடம் எது, கடலரிப்பு எங்கே கூடுகிறது, குடிகிணற்று நீர் எப்படி மாறுகிறது என்பவற்றுக்கு நியூ யோர்க் இதழில் விடை இராது. அவற்றைக் கரையிலுள்ளவர்களிடமும், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழங்கும் அனுமதிப்பத்திரங்களிலும், சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கைகளிலும் தேட வேண்டும். ஒப்படையில் இரண்டு வகை ஆதாரத்தையும் எதிரெதிரே வைத்து எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றின் அடிக்குறிப்பாக்கி விடாதீர்கள்.

பழைய தொகுதிகளைத் தேடி அலையத் தேவையில்லை. 1920களின் இறுதிவரை அமெரிக்காவில் அச்சானவை பொதுவுடைமையாகிவிட்டதால், இணைய ஆவணக் காப்பகங்களில் முழுத் தொகுதிகளாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது இலங்கை என்பதற்கான இன்றைய ஆங்கிலப் பெயரைப் போடாமல் சிலோன் என்று போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் வரும் ஆண்டு மீளாய்வு இதழிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். முந்திய ஆண்டின் உற்பத்தியும் விலையும் கனியம் கனியமாக அங்கே தொகுக்கப்பட்டிருக்கும். ரொத்வெலின் ஆண்டுத் தொகுதிகளில் பென்சிற்கரிக்கும், தோரியம் தரும் மணற்கனியமான மொனசைற்றுக்கும் உள்ள தனி அத்தியாயங்களைப் பாருங்கள். கருமணலின் வணிகம் முதலில் தொடங்கியது மொனசைற்றில்தான், அந்த அத்தியாயங்களில் வரும் பிரேசில், திருவிதாங்கூர்க் கடற்கரைகளின் கதை உங்கள் ஒப்படையின் முன்னுரைக்கு நேரடியாக உதவும். 1957 இற்குப் பிந்திய தொகுதிகளுக்குக் காப்புரிமை இருப்பதால், உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் நூலகங்களுக்கிடையிலான இரவல் மூலம் குறிப்பிட்ட பக்கங்களின் பிரதியைக் கேளுங்கள். இதழின் பெயர், தொகுதி, பக்க எண் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் வேலை விரைவாக முடியும்.